மூணாவது பேர்

கம்ப்யூட்டரில் ரெண்டு பிரின்டர் பேர்தான் வரணும். மூணு வந்திருந்தது.

மந்தைவெளியில் ஆடிட்டர் ராஜகோபாலன் வீடு. கீழே அவர் ஆபீஸுக்கு ஒரு ஒயர், மாடியில் மகள் மதுவந்திக்குத் தனி ஒயர். இதுவரை மேலே இருக்கும் பிரின்டர் கீழே கம்ப்யூட்டரில் தெரியாது, கீழே இருப்பது மேலே தெரியாது. ரெண்டையும் மாடிப்படி மூலையில் ஒரு பெட்டியில் சேர்த்துவிட்டு, சுவரைத் துளைத்த சுண்ணாம்புத் தூள் மூக்கில் அரிக்க, மத்தியான வெயிலில் சுவர்க்காரைக்குள் எதுவோ நொறுங்குகிற மெல்லிய சத்தத்தைக் கேட்டபடி ஒயர்மேன் ஜவஹர் கீழே வந்து திரைமுன் நின்றான்.

“கம்ப்யூட்டர் ஒயருக்குள்ள குரல் கொடுக்கும், யார் யார் இருக்கேள்னு. இருக்கறதெல்லாம் தன் பேரைச் சொல்லும். அதான் இந்த லிஸ்ட்,” என்றாள் மதுவந்தி. “ஆத்துல ரெண்டு பிரின்டர்தான். மூணாவதை நீங்க இனாமா கொண்டுவந்தேளா?”

ஜவஹர் நாற்பது வயசுக்கு மேல் இங்கிலீஷ் எழுத்து கற்றவன். விரல் வைத்துக் கூட்டிப் படித்தான்.

ரகுபதி.

ரகுபதி அவனோடு பத்து வருஷம் ஒயர் இழுத்தவன். மெயின் ஸ்விட்சைப் போடுமுன் உள்ளே இருக்கிறவன் பேரை மூணு தரம் கூப்பிட்டு, பதில் வந்தபிறகே கை வைக்கணும். அது தொழிலில் கட்டுப்பாடு. போன வருஷம் அடையாறில் ஒரு வீட்டில், டீக்குப் போகிற அவசரத்தில், ஜவஹர் கூப்பிடாமலே போட்டான். ஒயரைப் பிடித்திருந்த ரகுபதி கருகிப்போனான். “கூப்பிட்டேன், அவன்தான் கவனிக்கல” என்று எல்லாரிடமும் சொன்னான். ரகுபதி பெண்சாதி தாயம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ இன்னா பண்ணுவ நைனா” என்று அழுதாள். அந்தக் கையை அவன் இழுத்துக்கொள்ளக்கூட இல்லை.

“ஏன் இப்படி வேர்க்கறது உங்களுக்கு?”

“ஒண்ணுமில்லம்மா. பழைய பேர் எதுனா தங்கிக்கினு கீது. கழட்டிப் பாக்கறேன்.”

இப்பவும் பொய்.

படி மூலையில் ரெண்டு ஒயரையும் பெட்டியிலிருந்து பிடுங்கினான்.

“மாடிது போயிடுத்து!” கீழிருந்து கத்தினாள். “மூணாவது அப்படியே இருக்கு!”

மயிர் கருகின வாடை. கையில் ஒயர் முனை.

அசைந்தது.

சுவருக்குள்ளிருந்து இழுப்பு. ஒரு முழம். நின்றது. இன்னொரு முழம். பத்து வருஷம் பழகின கை.

“கூப்பிடலடா.” சுவரோடு வாயை வைத்துச் சொன்னான். “நான் கூப்பிடவே இல்ல.”

இழுப்பு நின்றது.

“யார்கிட்ட பேசறேள்?”

பதில் சொல்லத் திரும்பினான். முடியவில்லை. ஒயர் மணிக்கட்டைச் சுற்றியிருந்தது.

ஒரு விரல் நுழையும் துளைதான். அவன் கை முழங்கை வரை உள்ளே போயிருந்தது.