தொடு தகடு

நாரணாபுரம் தாண்டிக் கம்பெனி கேட்டுக்குள் நுழைகிறவரை வண்டி கத்திக்கொண்டே வந்தது. இடது இருக்கையில் ஆள் இருக்கிறது, பெல்ட் போடவில்லை என்று அதற்கு நினைப்பு. அங்கே இருந்தது ஸ்பானர் பை. கனம் ஏறினால் போதும், மனிதனா இரும்பா என்று வண்டி பார்க்காது. பிரீத்திகா பையை இருக்கையிலிருந்து கீழே தள்ளினாள். சத்தம் நின்றது.

வண்டி அவளுடையது. அதுவும் நாளைக் காலைவரைதான் உறுதி. மின்சார பிக்கப். அதன் கூரையில் ஒரு கூடாரத்தைப் பொருத்திக்கொண்டு மலையடிவாரங்களுக்குப் போய், ராத்திரி வானத்தைப் படம் எடுக்க வேண்டும். இயற்பியல் படித்துவிட்டு இரண்டு வருடமாக அப்பாவின் பிரஸ்ஸில் காலண்டர் தாள்களைச் சரிபார்த்துக்கொண்டிருப்பவளுக்கு வேறு ஆசை கிடையாது. அப்பா காசிராஜன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் எதையும் நேராகச் சொல்கிறவர் இல்லை.

"நம்ம மூடிக் கெடக்கிற பட்டாசுக் கம்பெனி இருக்குல்ல, அங்கன போயி ஒரு ராத்திரி தனியாப் படுத்துட்டு வா. விடியிறதுக்கு முன்னால வீட்டுக்கு வந்தாலோ, போன் அடிச்சாலோ சாவியக் குடுத்துரணும். சீசன் வருது. வண்டி காலண்டர் லோடு அடிக்கட்டும்."

"சரிப்பா" என்றாள். அவளுக்குப் பதில்கள் எப்போதும் குளியலறையில்தான் வரும், ஆள் போன பிறகு.

ஒரு மணி நேரத்தில் பொருத்திவிடலாம் என்று கூடாரத்தோடு வந்த தாளில் போட்டிருந்தது. தாளில் எட்டு போல்ட். பெட்டியில் ஆறு. பதிமூன்றாம் நம்பர் ஸ்பானர் பையில் இல்லை. பன்னிரண்டு உள்ளே போகவில்லை, பதினான்கு வழுக்கியது. காலையில் பட்டறையில் நாலு பேர் சேர்ந்து கூடாரத்தைக் கூரைச் சட்டத்தின் மேல் தூக்கி வைத்துக் கயிறு கட்டிவிட்டிருந்தார்கள். வைத்த வேகத்தில் வாசல் பக்கத்து அடிப்பலகை விரிசல் விட்டிருந்தது. ஏணியின் கொக்கிகள் மாட்ட வேண்டிய இடம் அதுதான். ஏறினால் பிய்த்துக்கொண்டு வரும்.

சட்டம் வெயிலில் கொதித்தது. மூன்று மணிக்கு ஸ்பானரைக் கரிசல் மண்ணில் ஓங்கி எறிந்தாள். யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிப் பார்த்துவிட்டு, அவளே போய் எடுத்து வந்தாள்.

விரிசலின் மேல் வைத்து முடுக்க ஒரு உலோகத் தகடு கிடைத்தால் போதும். தேடிக்கொண்டு உள்ளே நடந்தாள். கூரையில்லாத அறைகள், முட்டளவு வேலிக்காத்தான். நாலாம் நம்பர் வெடிமருந்து கலக்கும் அறை இருந்த இடத்தில் சுவர்கூட இல்லை, கருகிய தரை மட்டும். அதன் முன்னால் இடுப்பு உயரத்தில் ஒரு சிமெண்ட் தூண் மட்டும் தனியாக நின்றது. தூணில் ஒரு செம்புத் தகடு.

அது எதற்கு என்று பட்டாசு ஊரில் பிறந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். மருந்து அறைக்குள் போகிறவர் முதலில் அந்தத் தகட்டில் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். நடக்கும்போது துணி உரசி உடம்பில் மின்சாரம் தேங்கும். தகட்டிலிருந்து ஒரு வயர் மண்ணுக்குள் போகும், தேங்கியது அதன் வழியே இறங்கிவிடும். இறங்காவிட்டால், மருந்துக்கு ஒரு பொறி போதும்.

நாலு திருகாணியும் சொன்னபடி கேட்டன. தகடு அலுங்காமல் கையோடு வந்தது. பின்னால் வெறும் சிமெண்ட். அதை அவள் கண் பார்த்தது, மனம் பார்க்கவில்லை.

கூடார வாசலில் தகட்டை வைத்து முடுக்கி, ஏணியை மாட்டி, ஏறிப் பார்த்தாள். அசையவில்லை. அன்றைக்கு ஒழுங்காக அமைந்த ஒரே வேலை அதுதான்.

அடுத்தது சார்ஜ். பேட்டரியில் ஒன்பது சதவீதம் இருந்தது. பழைய ஆபீஸ் அறையில் செருகியதும் சார்ஜரில் சிவப்பு விளக்கு மூன்று முறை மின்னியது. எர்த் இல்லை, மண்ணுக்குப் போகும் வயர் இல்லை என்று அர்த்தம். அடுத்த பிளக்கிலும் சிவப்பு. அதற்கடுத்ததிலும் சிவப்பு. எர்த் இல்லாத இடத்தில் அந்தச் சார்ஜர் ஒரு துளி மின்சாரம்கூட ஏற்றாது.

"என்ன பாப்பா, வண்டிக்கு மேல மாடி வீடு கட்டிட்டீகளா?" வாட்ச்மேன் சங்கிலிமுத்து தண்ணீர்க் குடத்தோடு வந்து நின்றார். ஐம்பது வயதுக்காரர், முன்பு இதே கம்பெனியில் திரி சுற்றியவர். "கீழ்வீட்ட வாடகைக்கு விட்டா எனக்குச் சொல்லுங்க."

"சார்ஜ் ஏற மாட்டேங்குது அண்ணே."

"இந்தக் கம்பெனில எதுதேன் ஏறுச்சு? எஞ் சம்பளம் ஏறுச்சா?" சிரித்துக்கொண்டே நிமிர்ந்தவரின் சிரிப்பு ஏணி உச்சியில் நின்றது. குடத்தைக் கீழே வைத்தார்.

"பாப்பா, அந்தத் தகட்ட எங்கன எடுத்தீக?"

"நாலாம் நம்பர் ரூம் தூண்ல."

மெதுவாகச் சொன்னார். "எம் பொஞ்சாதி மாடத்தி கை வச்ச தகடு அது. ஒம்பது வருசம் ஆச்சு. அவ தொடாம உள்ள போயிட்டா, அதுனாலதேன் வெடிச்சதுன்னு எழுதிட்டாக. அவளோட இன்னும் மூணு பேரு போயிட்டாக. மூணு வீட்டுக்காரகளும் இன்னிக்கு வரைக்கும் எங்கூட மொகங் குடுத்துப் பேசுறதில்ல."

அப்போது பிரீத்திகா பத்தாம் வகுப்பு. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

"அவ தொடாமப் போறவளா பாப்பா? பழகிப் போயி, வீட்டுக்குள்ள வரும்போதுகூடத் தாழ்ப்பாள ஒரு தட்டுத் தட்டிட்டுத்தேன் வருவா. 'ஏட்டி, இங்கன என்ன மருந்தா கலக்குற'ன்னு நான் கேலி பேசுவேன்." குடத்தைத் தூக்கினார். "நான் கேட்டுலதேன் இருப்பேன். ஆனா வாசல்ல கொண்டாந்து மாட்டிருக்க வேண்டாம். தகடு இருக்கிற எடந்தேன் அவளுக்கு வேல நடக்கிற எடம்."

திரும்ப மாட்டிவிடலாம்தான். தகடு இல்லாமல் ஏணி நிற்காது. ஏணி நிற்காவிட்டால் ராத்திரி இல்லை, ராத்திரி இல்லாவிட்டால் சாவி இல்லை. ஒரு தகட்டைப் பார்த்துப் பயந்தேன் என்று அப்பாவிடம் போய்ச் சொல்ல முடியுமா? எரிச்சல் எரிச்சலாக வந்தது. அவர் மேல், கூடாரம் விற்றவன் மேல், தன் மேல்.

எட்டு மணிக்கு மேல் பக்கத்து யூனிட்டுகளில் வெடி வெடித்துப் பார்க்கும் சத்தம் ஓய்ந்தது. அவள் மேலேறி ஜிப்பை இழுத்தாள். அது பாதியில் துணியைக் கடித்துக்கொண்டது. கால் மணி நேரம் மல்லுக்கட்டியும் மூடவில்லை. ஒரு சாண் இடைவெளி அப்படியே கிடந்தது. அதன் வழியே கருகிய தரையும் தூணும் தெரிந்தன.

காற்று நின்றுவிட்டது. நைலான் சுவர் மட்டும் தானாக நொறுநொறுவென்று முனகியது. போர்வையை இழுத்தாள். நீலப் பொறிகள் பொரிந்தன. நைலானும் பாலியஸ்டரும் உரசினால் இப்படித்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பாடத்தில் உள்ளதுதான். ஆனால் அவள் அசையாமல் படுத்த பிறகும் முன்கை மயிர் எழும்பி நின்றது.

கீழே இருட்டில் மண் மிதிபட்டது. வெறும் காலின் நடை. வேலைக்கு வருகிறவரின் அவசரமில்லாத நடை.

"முத்து அண்ணே?"

நடை நிற்கவில்லை.

மழையில் நனைந்த வெடிக்குப்பையின் வாடை வந்தது. மழை பெய்து மூன்று மாதம் ஆகிறது.

ஏணியின் முதல் படி கிறீச்சிட்டது.

இரண்டாம் படி.

ஒன்பது சதவீதம் என்று அவள் நினைத்தாள். வீடு போய்ச் சேர அது போதும். இறங்கி ஓடினால் கால் மணி நேரத்தில் அம்மா பக்கத்தில் படுத்திருக்கலாம். விடிந்ததும் சாவி அப்பா கையில் இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

கடைசிப் படி.

டப்.

செம்பில் உள்ளங்கை விழும் சத்தம். எழும்பியிருந்த மயிரெல்லாம் ஒரே நொடியில் படிந்தது.

இடைவெளியில் எதுவும் தெரியவில்லை. தூண்கூடத் தெரியவில்லை.

அவள் கால்மாட்டில் மெத்தை அமிழ்ந்தது.

"தொட்டுட்டேன்."

பெண் குரல். காதுக்குள் அல்ல, கால்மாட்டில். முறையிடும் குரல் அல்ல. மேஸ்திரி கேட்டால் பதில் சொல்லும் குரல்.

மறுபடி மயிர் எழும்பியது. மறுபடி டப். மெத்தையின் மறு ஓரமும் அமிழ்ந்தது.

"தொட்டுட்டுத்தேன் வந்தேன்."

பக்கவாட்டு வலை வழியே, கீழே ஆபீஸ் அறைச் சன்னலில் அவள் பிடுங்காமல் விட்ட சார்ஜரின் விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. சிவப்பு, சிவப்பு, சிவப்பு. எர்த் இல்லை. கையோடு வந்த தகடு. வயர் போக ஓட்டையே இல்லாத வெறும் சிமெண்ட். மத்தியானம் கண் பார்த்ததை இப்போதுதான் மனம் பார்த்தது. மாடத்தி தொட்டிருக்கிறாள். தகட்டுக்குப் பின்னால்தான் ஒன்றும் இல்லை.

"தொட்டேன்ல?" குரல் இப்போது முகத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

யாருக்கும் எதிர்ப்பேச்சுப் பேசியறியாத பிரீத்திகா, நாக்கு மேலண்ணத்தில் ஒட்ட, ஒவ்வொரு சொல்லாகப் பிடுங்கினாள்.

"தொட்டீங்க. எனக்குத் தெரியும். வயர்தான் இல்ல."

நைலான் முனகல் நின்றது. அதன் பிறகு சத்தமே இல்லை. ஆனால் அமிழ்ந்த மெத்தை விடியும்வரை எழவில்லை.

ஆறு மணிக்குப் பிரஸ் வேன் அப்பாவைக் கேட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. திரும்பிப் போகும்போது பிக்கப்பை ஓட்டிக்கொண்டு போகிற நிச்சயம் அவருக்கு. கையில் காபி பிளாஸ்க்.

"பரவாயில்லையே, காசிராஜன் மகதான்னு நிரூபிச்சுட்ட." குரலில் கொஞ்சம் ஏமாற்றம், கொஞ்சம் பெருமை. "சாவிய நீயே வச்சுக்க."

அவள் ஏணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு படியிலும் சாம்பல் வெள்ளியாக ஒரு கைத்தடம். மருந்தில் சேர்க்கும் அலுமினியப் பொடியின் நிறம். தடங்கள் எல்லாம் மேலே ஏறின. இறங்கியதற்குத் தடம் இல்லை.

"அப்பா, அந்தத் தூணு தகட்டுக்கு வயரே கொடுக்கல."

காசிராஜன் பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். கேட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"வயர்க்காரன் நாளைக்கு வர்றேன், நாளைக்கு வர்றேன்னான். தீபாவளி சீசன். செக்கிங் வர்றாகன்னு தகட்ட மட்டும் மாட்டுனோம்." குரல் தணிந்தது. "செத்தவ திரும்ப வரப் போறதில்ல. வண்டி ஒனக்கு. எங்கன வேணுமோ போ. இதப் பேசாம இருந்துக்க."

ராத்திரி முழுக்கப் பல்லைக் கடித்து அவள் காத்த சாவி கைக்குள் இருந்தது. இதற்கும் "சரிப்பா" என்று சொல்ல ஒரு நொடி போதும்.

அவள் ஏணியை இறக்கிவிட்டு, வண்டியின் பின்தட்டில் ஏறித் தகட்டைக் கழற்றினாள். கூடாரத்தை மடக்கிக் கயிறு கட்டினாள். ஸ்பானர் பையையும் போல்ட் பெட்டியையும் வண்டியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள். தகட்டோடு கேட்டுக்கு நடந்தாள். அப்பா பின்னாலேயே வந்தார்.

"பிரீத்தி. ஏம்மா. நில்லு."

சங்கிலிமுத்து எழுந்து நின்றார். அவள் தகட்டைத் திருப்பிப் பின்புறத்தைக் காட்டினாள். "இதுல வயர் மாட்டுன தடமே இல்லண்ணே. அக்கா தொட்டுட்டுத்தான் போயிருக்காங்க. தப்பு எங்களோடது. அந்த மூணு வீட்டுக்கும் வந்து நானே சொல்றேன்."

அவர் தகட்டை வாங்கினார். முதலாளியைப் பார்க்கவில்லை. செம்பின் மேல் தன் உள்ளங்கையை வைத்தார், எடுக்கவேயில்லை.

"சாவி" என்றார் அப்பா.

கொடுத்தாள்.

"ஏறு, வீட்டுக்குப் போயிப் பேசிக்கலாம்."

"நான் பஸ்ல வர்றேன்பா."

காசிராஜன் விறுவிறுவென்று போய் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினார். இறக்கி வைத்த சாமான்களை எடுக்க அவளும் பின்னால் வந்தாள். பெல்ட்டை இழுத்து மாட்டினார்.

டப்.

இடது பக்கக் கதவில், வெளியிலிருந்து. அந்தப் பக்கம் யாரும் இல்லை.

வண்டி கத்த ஆரம்பித்தது. காசிராஜன் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார்.

"ஏம்மா, நான்தான் பெல்ட் போட்டிருக்கேனே. இது எதுக்குக் கத்துது?"

பிரீத்திகா குனிந்து பார்த்தாள். ஸ்பானர் பை அவள் காலடியில் இருந்தது.