மூன்று கம்பி அவளுக்கு, மூன்று அவனுக்கு

1938-ஆம் வருஷம், ஐப்பசி மாதம், ஒரு வியாழக்கிழமை. நல்ல மழை. ராஜபாளையத்தில் நைனா முகமதுவின் ஆர்மோனியக் கடைக்குள் இரண்டு பேர் ஒரே சமயத்தில் ஓடிவந்து ஏறினார்கள். ஒருத்தி தேவகிருபை, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர். மற்றவன் ஞானராஜ், பஞ்சாலைக் குமாஸ்தா. இருவரும் கேட்டது ஒன்றே... கித்தார் கம்பி.

நைனா முகமது பழைய கித்தார் ஒன்றில் இரண்டு தினுசுக் கம்பிகளைப் பூட்டி வைத்திருந்தார்.

"கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க டீச்சரம்மா. தம்பி, நீரும்தான். கண்ணைத் திறந்தா பளபளப்பைத்தான் வாங்குவீக."

இரும்புக் கம்பி வெடுக்கென்று பேசி அடங்கியது. அடுத்தது வெண்கலம்... விரலை எடுத்த பிறகும் மழைக்குள்ளே எங்கோ போய்க்கொண்டே இருந்தது.

"இதுதான்," என்றார்கள் இருவரும்.

அவள்தான் முதலில் கண் திறந்தாள். அவன் இமை மூடி இன்னும் கேட்டுக்கொண்டிருந்தான். அந்த முகத்தை அவள் பார்த்திருக்க வேண்டாம்... பார்த்துவிட்டாள்.

"வெண்கலத்துல ஒரே செட்டுதான் இருக்கு," என்றார் கடைக்காரர்.

"நான் ஏழு மைல் நனைஞ்சு வந்திருக்கேன்."

"பஸ்ஸுக்குள்ளயுமா மழை பெய்யுது?" என்றான் ஞானராஜ்.

"உங்க ஊரு பஸ்ஸுல பெய்யுது."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"சுலைமான் நபி பிள்ளையை வெட்டச் சொன்ன மாதிரி, ரெண்டாப் பிரிக்கவா?" என்றார் நைனா முகமது, வேடிக்கையாக.

வேதாகமம் படித்த இருவருக்கும் அந்தக் கதை தெரியும். ஒரு பிள்ளைக்கு இருவர் வழக்காடினால், உண்மையான தாய் விட்டுக்கொடுப்பாள். ஆனால் யார் முதலில்...? ரோஷம் வாயைக் கட்டிற்று.

"பிரிங்க," என்றாள் அவள்.

"பிரிங்க," என்றான் அவனும்.

தடித்த மூன்று அவளுக்கு. மெல்லிய மூன்று அவனுக்கு.

மூன்று கம்பியில் எந்தப் பாட்டு வரும்? அவன் மாட்டவேயில்லை. உறையைப் பிரிப்பான், மூடுவான். ஆலையில் கணக்குப் பேரேட்டைத் திறந்தால், அதன் மேல் அவள் நெற்றியில் ஒட்டியிருந்த ஈரமுடி வந்து நிற்கும்... சனிக்கிழமை கடைக்குப் போய் மெல்ல விசாரித்தான்.

"அவிய அப்பா சர்ச்சு உபதேசியார், பக்கவாதத்துல படுத்திருக்காக. வாசிச்ச கை இப்ப வரல. மக வாசிச்சு ஒரு கீர்த்தனை கேக்கணுமாம். அம்புட்டுத்தான்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"நீரு கேட்டீரா?"

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அடுத்த பஸ்ஸில் ஏறினான். கதவைத் திறந்தவளிடம் உறையை நீட்டினான். அவள் கித்தாரை எடுத்து வந்தாள். அவன் மாட்டி, சுருதி சேர்த்துக் கொடுத்தான். அவள் வாசித்தாள். உள்ளே கட்டிலிலிருந்து நடுங்கும் குரல் ஒன்று கூடவே பாடியது... பாட்டு முடிந்தது.

"உங்க கித்தாருக்கு?" என்றாள்.

"அது சும்மா கெடக்கட்டும்."

"கம்பி மாட்டியாச்சு. இனி இங்க வாரதுக்கு உங்களுக்கு வேலை இல்லையே..."

"இல்ல. வேலை இல்லாமலும் வரணும்னு இருக்கு. அதை உங்க அப்பாகிட்ட எப்படிக் கேக்கன்னுதான் வழியெல்லாம் யோசிச்சேன்."

அவள் தலை குனிந்தாள்.

"கேக்க வேண்டாம். வியாழக்கிழமையே நான் சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"பாதிக் கம்பியை ஒருத்தரு கொண்டுபோயிட்டாரு... கம்பி வராட்டாலும் அவரு வந்தாப் போதும்னு இருக்குப்பான்னு."