நாலாம் வகுப்பு வாடை

மகள் தலை துவட்டிப் போட்ட துண்டைக் கொடியில் விரிக்கப் போனவளுக்கு அந்த வாடை வந்தது. ஈரத்தில் ஊறிய சாக்பீஸும் பெட்டிக்குள் கிடந்து மக்கிய துணியும் கலந்த வாடை. துண்டு புதிது, முந்தாநாள்தான் வாங்கியது. மறுபடி முகர்ந்து பார்த்தாள். புருவத்துக்கு நடுவே பழைய வலி மெல்ல எட்டிப் பார்த்தது.

ஆறு வருஷம் அவள் நாலாம் வகுப்பு டீச்சர். தரைத்தளத்தில் கோடி அறை. சுவருக்குள் எங்கோ குழாய் கசிந்தது. ஒவ்வொரு லீவிலும் பெயிண்ட் அடித்து மறைப்பார்கள். பள்ளி திறந்து இரண்டு மழை பெய்தால் கறுப்புத் திட்டுகள் அதே இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். முதலில் தலைவலி, பிறகு தோலில் தடிப்பு, பிறகு நாலு படி ஏறினால் மூச்சிரைப்பு. டாக்டர் டென்ஷன் என்றார். தலைமையாசிரியை, "அத்தனை பேரும் நல்லாத்தானே இருக்காங்க, உங்களுக்கு மட்டும் என்ன?" என்றார். கூட வேலை பார்த்தவர்கள் 'மோப்பம் டீச்சர்' என்று பட்டம் கட்டினார்கள். அவள் வேலையை விட்டாள்.

ஆனால் அதே பள்ளியில் நாலாம் வகுப்புப் படித்த மகள் அதே அறைக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். "வருஷக் கடைசியில எந்த ஸ்கூல்ல எடுப்பாங்க? கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சுக்கோ" என்றான் கணவன். கடித்துக்கொண்டாள். சாயங்காலம் யூனிபார்மை வாசலிலேயே கழற்றிப் பையில் கட்டி, மகளை நேரே குளியலறைக்கு அனுப்பி, அதற்கப்புறமும் பக்கத்தில் வந்தால் அவளுக்கு மூச்சு அடைத்தது. மகளுக்கோ ஒரு தும்மல்கூட இல்லை. மகள் உள்ளறையில், தான் ஹாலில் என்று ஆகிவிட்டது. வலியைப் பொறுத்தாள், கேலியைப் பொறுத்தாள். தூக்கத்தில் அந்தச் சின்னக் கால் தன் வயிற்றின் மேல் வந்து விழாததை மட்டும் பொறுக்க முடியவில்லை. தலையணையைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

இப்போது எல்லாம் முடிந்துவிட்டது. டி.சி. வாங்கியாயிற்று. யூனிபார்மும் பையும் ஷூவும் குப்பைக்குப் போயாயிற்று. வெளிக்காற்றே வேண்டாம் என்று கணவன் ஜன்னல் இடுக்குகளுக்கெல்லாம் டேப் ஒட்டிக் கொடுத்தான். காற்றைச் சுத்தம் பண்ணும், பேட்டரியில் ஓடும் சின்ன மெஷின் ஒன்றும் வாங்கி வந்தான். காற்று நன்றாக இருந்தால் பச்சை விளக்கு எரியும், கெட்டால் சிவப்பு. உலகத்தில் அவளை நம்பிய ஒரே ஜீவன் அந்த மெஷின்தான். இன்று மதியம் ஒன்றாகத் தூங்குவது என்று அம்மாவும் பெண்ணும் நேற்றே பேசி வைத்திருந்தார்கள்.

துண்டைப் பற்றிக் கணவனிடம் போனில் சொன்னாள்.

"புதுத் துணின்னா ஒரு வாடை இருக்கத்தான் செய்யும். மோப்பம் டீச்சர், மூக்கைக் கழட்டி வெச்சிட்டுப் போய்ப் படுங்க" என்று சிரித்தான்.

"போங்க" என்று அவளும் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

சாப்பாடு முடிந்து மகள் உள்ளறைக்குப் போய்ப் படுத்தாள். வெளியே மேகம் திரண்டு ஹால் மெல்ல இருட்டிக்கொண்டு வர, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தவள், இத்தனை நேரம் காதில் விழாமலே ஓடிக்கொண்டிருந்த மெஷினின் ரீங்காரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்து, ஏறி, மூச்சு வாங்குவதுபோல் இரையத் தொடங்கியதைக் கேட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். விளக்கு சிவப்பு. தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள், பச்சை. குளியலறை வாசலில் பச்சை. துண்டு காய்ந்த கொடிக்குக் கீழேகூடப் பச்சைதான். ஹாலுக்குத் திரும்பினாள், சிவப்பு. உள்ளறைக் கதவருகே கொண்டுபோனாள். இரைச்சல் கூடியது. கட்டிலருகே வைத்தாள். மெஷின் அலறியது.

மகள் சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் பயமாக இருந்தது. பெற்ற பிள்ளையைப் பார்த்துப் பயப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. மெஷின் கோளாறாக இருக்கலாம். நான்தான் ரொம்ப யோசிக்கிறேன். எல்லோரும் அவளிடம் சொன்னதை முதல் தடவையாக அவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள். மெஷினை அணைத்தாள். மகளின் பக்கத்தில் படுத்தாள்.

மகள் புரண்டாள். கை வந்து கழுத்தைச் சுற்றியது. கால் வயிற்றின் மேல் விழுந்தது. கண்ணைத் திறக்காமலே, "வந்துட்டியாம்மா?" என்றாள்.

"வந்துட்டேன் கண்ணு."

சந்தோஷத்தில் அவளுக்குக் கண் நிறைந்தது. மகளின் மூச்சு கழுத்தில் பட்டது.

சில்லென்று பட்டது.

ஈரமான மூச்சு. அதே வாடை. வெளிமூச்சு நீண்டுகொண்டே இருந்தது. முடிந்து, உள்ளே இழுக்கட்டும் என்று காத்திருந்தாள். முடியவில்லை. பிள்ளையின் முதுகில் கை வைத்துப் பார்த்தாள். முதுகு ஏறவில்லை. இறங்கவில்லை. மூச்சு மட்டும் வந்துகொண்டே இருந்தது. உள்ளே எங்கோ ஒரு கதவு திறந்து கிடப்பதுபோல்.

எழுந்திருக்கப் பார்த்தாள். கழுத்தில் இருந்த கை இறுகியது.

"கண்ணு. விடும்மா."

மகளின் வாய் திறந்தே இருந்தது. உதடு அசையவில்லை. நாக்குக்குப் பின்னால் இருட்டு. பிள்ளையின் வாய்க்குள் இருக்க முடியாத அளவு இருட்டு. அந்த இருட்டின் அடியிலிருந்து சத்தம் வந்தது. சலசலப்பு. பக்கம் புரட்டுவது. யாரோ அடக்கிச் சிரிப்பது. நிறையப் பேர்.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

சலசலப்பு சட்டென்று நின்றது. டீச்சர் வாசலில் வந்தால் நிற்குமே, அப்படி.

பிறகு, ஒரே நேரத்தில், பெஞ்சுகளைப் பின்னால் தள்ளிக்கொண்டு எல்லோரும் எழுந்து நின்றார்கள்.