பள்ளத்து மண்

பிற்பகல் மூன்று பத்துக்கு ஏழாம் ஜாடியின் எண் இறங்கியது.

மூடி இறுகிய ஜாடி. உள்ளே காட்டு மண். அது வெளிவிடும் கரியமில வாயு சேரச் சேர மீட்டரில் எண் ஏறத்தான் வேண்டும். மண் மூச்சை வெளியே விடும், உள்ளே இழுக்காது. கமலவேணி எட்டு வருடமாக இதைத்தான் அளக்கிறாள்.

எண் ஏறியது. இறங்கியது. ஏறியது.

"மண்ணுக்கு இழுப்பு வந்துடுச்சு மேடம்," என்றார் ஜாடி கழுவும் மஜீத். "ஆஸ்பத்திரிக்குத் தூக்கிடலாமா?"

"மீட்டர் கோளாறு. டீ குடிச்சிட்டு வாங்க பாய்."

"சக்கரபாணி பொண்டாட்டி கேட்டாண்ட நிக்குது. இன்னிக்கும் குருசுக்குப்பத்துலேர்ந்து நடந்தே வந்திருக்கு. புருஷன் பொதஞ்ச எடத்தச் சரியா காட்டச் சொல்லுது."

"போகச் சொல்லுங்க."

கதவு மூடியதும் உப்பளத்துத் தெருச் சத்தம் அறுந்து, ஏசியின் முனகலும் பினாயில் நெடியும் அதற்கடியில் இறுக மூடிய ஜாடியிலிருந்து வரவே முடியாத ஈரக் களிமண்ணின் வாசனையும் அறையில் மிஞ்சின.

அந்தக் காட்டில், மலை மேட்டில் பாறைமேல் ஒரு முழம் மண். கரியை வெளிவிட்டுச் சீக்கிரம் தீர்ந்துவிடும். பள்ளத்தில் ஆள் ஆழத்துக்குக் களி. பிடித்ததை விடாது. அதை நிரூபிக்கத்தான் அனுமதி இல்லாத பள்ளத்தில் குழி வெட்டவைத்தாள். மீன்பிடியை விட்டுக் கூலிக்கு வந்த சக்கரபாணி குழிக்குள்ளிருந்து கேட்டார், சுவர் கசியுது, ஏறிடட்டுமா என்று.

"இன்னும் பத்து சென்டிமீட்டர்," என்றாள்.

ஏழாம் ஜாடிக்கான மண் பை கயிற்றில் மேலே வந்தது. பிறகு சரிவு இறங்கிக் குழியை மூடியது.

தேட வந்தவர்களிடம் அனுமதி பெற்ற மேட்டைக் காட்டினாள். அங்கும் மழையில் சரிந்திருந்தது. மூன்று நாள் அங்கேயே தோண்டினார்கள். பள்ளத்தில், மண்ணுக்கடியில், தட்டும் சத்தம் இரண்டாம் நாள் மாலை வரை இருந்தது. அவள் தனியே போய்க் கேட்டுவிட்டு வந்தாள்.

மீட்டரின் பிளக்கைப் பிடுங்கினாள். எண் அணைந்தது.

ஜாடியின் உட்புறம் ஆவி படிந்தது. வாயளவு வட்டம். மறைந்தது. படிந்தது.

களியில் கோடுகள். ஐந்து. உள்ளிருந்து.

தட்டும் சத்தம். மூன்று தட்டு. ஓர் இடைவெளி. மூன்று தட்டு. அந்தக் கணக்கு அவளுக்குத் தெரியும்.

மூடி அரைச் சுற்று திரும்பியது.

"பத்து சென்டிமீட்டர் ஆயிடுச்சு மேடம். ஏறிடட்டுமா?"