சூடு போகும் பக்கம்

சுவர் சூடாக இருந்தது. முழுச் சுவரும் இல்லை. கட்டிலை ஒட்டி, அவள் ஒருக்களித்துப் படுத்தால் முகம் படுகிற இடத்தில் மட்டும், யாரோ வெகுநேரம் சாய்ந்திருந்துவிட்டு இப்போதுதான் எழுந்து போன மாதிரி ஒரு சூடு. அந்தப் பக்கம் இருந்தது நிலவறை. பாதி மண்ணுக்குள் புதைந்த, ஜன்னலே இல்லாத, அப்பா ஒயின் சேர்த்து வைக்க ஒதுக்கி, இன்னும் ஒரு பாட்டிலைக்கூட வைக்காத வெற்று அறை. சூடாவதற்கு அதில் ஒன்றுமே இல்லை.

கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. சூடு ஒரு சாண் தள்ளிப் போயிருந்தது, தலையணைப் பக்கமாக.

இதை யாரிடம் சொல்வது? பத்தாவது முடித்த பெண் சுவரைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அம்மா தனி வீடு பார்த்துக்கொண்டு போன அதே மாதம், மாடியில் இருந்த அவளுடைய அறையை அப்பா ஆபீஸ் அறையாக்கிக்கொண்டு அவளைக் கீழே அனுப்பியிருந்தார். திரும்ப மேலேயே வந்துவிடுகிறேனே என்று ஒரு தடவை கேட்டதற்கு, இது உன் யோசனையா உங்கம்மா சொல்லிக்கொடுத்ததா என்று கேட்டார். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

நிலவறைக்கு எந்த மாதிரி குளிர்சாதனம் போடுவது என்று பார்க்க ஏசி மெக்கானிக் வந்தபோது, டார்ச்சைப் பிடிக்கச் சொல்லி அப்பா அவளையும் உள்ளே நிறுத்தினார். வீட்டு ஏசி இதற்கு ஆகாது, அது ஈரத்தையும் சேர்த்து உறிஞ்சிவிடும், பாட்டிலில் இருக்கும் தக்கை காய்ந்து சுருங்கி ஒயின் புளித்துப்போகும் என்று மெக்கானிக் விளக்கினான். துப்பாக்கி மாதிரி ஒரு கருவியைச் சுவரை நோக்கிப் பிடித்து, அதில் தெரியும் சூட்டளவைப் பார்த்தபடியே நகர்ந்தவன் ஓரிடத்தில் நின்றான். இங்கே யாராவது சாய்ந்து நின்றீர்களா என்று கேட்டான். இல்லை என்றார் அப்பா. மறுபடி அதே இடத்தில் பிடித்தான். எண் இறங்கியிருந்தது. கருவியை மெதுவாக மூலைக்குத் திருப்பினான். முப்பத்தாறு. அப்புறம் என்ன தோன்றியதோ, அப்பாவின் கழுத்துப் பக்கம் பிடித்தான். முப்பத்தாறு.

இரண்டையும் அவள் பார்த்தாள். அவள் பார்த்ததை அவன் பார்த்தான். கருவியைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டான்.

"ஒரு சைஸ் பெரிசாவே போட்டுருங்க சார். இந்த ரூம் தானா சூடாகுது," என்றான். குரல் கொஞ்சம் அவசரப்பட்டது. "குளிர்னு தனியா ஒண்ணும் கிடையாது. உள்ள இருக்கிற சூட்டை எடுத்து வேற எங்கயாவது போடணும், அவ்வளவுதான். எங்க போடப் போறீங்க?"

மூன்று வழி சொன்னான். வெளியே தோட்டத்தில் ஒரு பெட்டி, உள்ளே ஒரு பெட்டி. அதற்கு அடித்தளக் கல்லை உடைக்க வேண்டும். இல்லாவிட்டால் கூரைக்குள் குழாய் இழுத்து சூட்டை வெளியே விடலாம். மேல் தளமெல்லாம் பெயர்க்க வேண்டியிருக்கும். மூன்றாவது, ஒரே பெட்டி, சுவரில் ஓட்டை போட்டு நடுவே சொருகிவிடுவது. முன்பக்கம் நிலவறையைக் குளிர்விக்கும், பின்பக்கம் சூட்டைப் பக்கத்து அறையில் தள்ளும். அப்பாவின் கண் அப்போதே அதில் நின்றுவிட்டது. ஒரு ஓட்டை, ஒரு பிளக், வேலை முடிந்தது.

"பக்கத்து ரூம்ல ஆள் இருக்காங்களா சார்?"

"காலின்னே வச்சுக்கோ தம்பி."

டார்ச்சை அவர் பக்கம் திருப்பினாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அது என் ரூமுக்கு வரக் கூடாதுப்பா," என்றாள்.

"எது?"

"அந்தச் சூடு."

"ஓசியில ஹீட்டர் கிடைக்குது. மகாராணிக்கு அதுவும் கசக்குதோ?"

மெக்கானிக் மரியாதைக்குச் சிரித்தான். இந்தப் பக்கத்துக் காற்று அந்தப் பக்கம் வராது தங்கச்சி, சூடு மட்டும்தான் வரும் என்று அவளைத் தேற்றினான். தேற்றும்போது அவளைப் பார்க்கவில்லை.

ஓட்டை போட்ட அன்று, அவள் அறையிலிருந்து போட்ட துளை நிலவறைப் பக்கம் எட்டியதும் சுண்ணாம்புத் தூள் புஸ்ஸென்று அவன் முகத்தில் வந்து அடித்தது. கதவு சாத்திய, காற்றே புகாத அறையிலிருந்து. அவன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். கட்டிலுக்குச் சற்று மேலே பெட்டியை ஏற்றி, திருகாணிகளை முடுக்கிவிட்டு, ஓரத்தில் விரல் அகலத்துக்கு நின்ற இடுக்கை அடைக்க நாளைக்கு ஃபோமோடு வருகிறேன் என்று கிளம்பினான். அவன் வரவில்லை. அப்பா கூப்பிட்டால் ஃபோனையும் எடுக்கவில்லை.

அப்பாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நிலவறை குளிர்ந்துவிட்டது. பாட்டில்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி அலமாரித் தட்டில் சாய்த்து வைத்தார். அந்தக் கைகள் அவ்வளவு மெதுவாக எதையும் தொட்டு அவள் பார்த்து நாளாகியிருந்தது.

அவளுடைய அறையில் சூடு நிறைந்தது. இயந்திரச் சூடு என்றால் தூசி வாடை, ரப்பர் வாடை வரும். இதில் வந்தது தூங்கி எழுந்த தலையணையின் வாடை, எண்ணெய் இறங்கிய முடியின், மூடியே கிடந்த வாயின் வாடை, அதுவும் அவளுடையது இல்லை. இரவில் பெட்டியின் ரீங்காரத்துக்கு அடியில் இன்னொரு சத்தம், யாரோ பேசலாமா வேண்டாமா என்று உதட்டைப் பிரித்துப் பிரித்து மூடுவது போல. ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் போர்வையைச் சுருட்டி அதன் வாயில் அடைத்தாள். சூடு வெளியேற வழியில்லாமல் இயந்திரம் திணறி நின்றது. மேலே அப்பாவின் அறையில் அதன் எச்சரிக்கை மணி அடித்தது. அப்பா இறங்கி வந்தார்.

போர்வையைப் பிடுங்கிக்கொண்டார். "இன்னொரு தடவை அடைச்சே, இந்தக் கதவையும் கழட்டி எடுத்துட்டுப் போயிருவேன்."

"உள்ள யாரோ இருக்காங்கப்பா."

"இந்தக் கதையெல்லாம் உங்கம்மாகிட்ட வச்சுக்கோ."

அவர் படியேறிப் போனார். போர்வை அவர் தோளில் இருந்தது.

அன்றிரவு, நிலவறை போதுமான அளவு குளிர்ந்ததும் இயந்திரம் தானாக ஓய்ந்தது. ரீங்காரம் அடங்கியது. காற்று அடங்கவில்லை. அவள் பிடரியில் பட்டது. நின்றது. மறுபடி பட்டது. வெதுவெதுவென்று, விட்டு விட்டு. மெத்தை அவள் முதுகுக்குப் பின்னால் கொஞ்சம் அமிழ்ந்தது. அப்புறம் அந்தச் சூடு, தோளிலிருந்து குதிகால் வரை, அவளை ஒட்டி, அவளைப் போலவே ஒருக்களித்துப் படுத்தது.

ஓடினாள். மாடியில் அப்பாவின் கதவைத் தட்டினாள். மறுபடி தட்டினாள்.

"போய்ப் படு," என்றது கதவு. அவ்வளவுதான்.

படியின் அடியில் நின்று யோசித்தாள். அது இப்போது இருப்பது என் அறையில். நிலவறையிலிருந்து அதை எடுத்தாயிற்று. அப்படியானால் நிலவறையில் ஒன்றும் இல்லை.

தடித்த கதவைத் திறந்து உள்ளே போய், இழுத்துச் சாத்திக்கொண்டாள். சுத்தமான குளிர். எந்த வாடையும் இல்லை. யாருடைய மூச்சும் இல்லை. பாட்டில்களுக்குக் கீழே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு தோள்கள் தளர்ந்தன.

டிக்.

இயந்திரம் ஓட ஆரம்பித்தது.

அறையில் சூடு இருந்தால்தான் அது ஓடும். அறையில் சூடாக இருந்தது ஒன்றுதான்.

முதலில் கால்விரல்கள். பிறகு முழங்கால். வலிக்கவில்லை. உள்ளேயிருந்து ஒரு நூலைப் பிடித்து இழுப்பது போல, அவ்வளவுதான். எழுந்து கதவுக்குப் போனாள். கைப்பிடியில் கை வைத்தாள். விரல்கள் மடங்கவில்லை. வாயருகே கையைக் கொண்டுபோய் ஊதினாள். மூச்சில் சூடே இல்லை.

பெட்டியின் ஓரத்து இடுக்கில் வெளிச்சம் வந்தது. அவளுடைய அறை விளக்கு. கண்ணை வைத்தாள்.

அப்பா. மனசு கேட்காமல் இறங்கி வந்திருந்தார். கையில் போர்வை. கட்டிலில் யாரோ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்கள். அவள் நைட்டி. அவள் பின்னல்.

"தூங்கிட்டியாம்மா?" அந்தக் குரலில் அவர் அவளிடம் பேசி எவ்வளவு காலம். போர்வையை விரித்து, கால் வரை இழுத்துப் போர்த்தினார். நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "சூடா இருக்கே கண்ணு."

அப்பா என்று கத்தினாள். தொண்டை அதிர்ந்தது. சத்தம் வரவில்லை. பெட்டியின் மின்விசிறி அதை இழுத்துக்கொண்டது.

அந்தப் பக்கம், கட்டிலில் இருந்தது வாயைத் திறந்தது.

"அப்பா," என்றது. அவள் குரல். இன்னும் சூடு ஆறாமல்.

"இங்கதாம்மா இருக்கேன்," என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதன் தலையைக் கோத ஆரம்பித்தார். அது மெதுவாக மல்லாந்து படுத்தது. அவர் கோதிக்கொண்டே இருந்தார். அது கண் சிமிட்டாமல், நேர் மேலே, இந்த இடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தது.