சல்லடை தாண்டிய சொல்

ஏற்காட்டுச் சொற்பயிற்சி நிலையத்தில் அந்த மாதம் முழுவதும் செல்லுபடியான சொல் ஒன்றே ஒன்றுதான். ஆங்கிலத்து 'கெட்' (get).

காலைச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டு சீனர்கள் வரிசையில் நின்றார்கள். முதலில் நின்ற ஃபாங் லின், சோங்கிங் நகரத்தில் பாலங்கள் வடிவமைக்கிறவர், தட்டை நீட்டி "கெட்" என்றார். சமையல்காரர் பெரியண்ணன் இட்லி வைத்தார். ஃபாங் லின் தலையை ஆட்டிவிட்டு மறுபடி "கெட்" என்றார். பெரியண்ணன் இன்னொரு இட்லி வைத்தார்.

"இந்தம்மாவுக்கு என்னதாம்ப்பா வேணும்?"

"சட்னி காரமா இருக்குன்னு சொல்றாங்கன்னு நெனைக்கிறேன்ணே," என்றான் உதவிப் பொறியாளன் குமணன்.

"அதை வாயைத் தொறந்து சொன்னா முத்து உதுந்துருமா?"

"சொல்லிட்டுத்தான் இருக்காங்க. வெளிய வரல."

வெளியே வராததற்குக் காரணம் அவர் கழுத்தில் இருந்த பட்டை. பெயர் வாய்ச்சல்லடை. தொண்டைத் தசை அசைந்த உடனேயே என்ன சொல் வரப்போகிறது என்று அது கணித்துவிடும். கெட் என்றால் வழி விடும். வேறு எதுவானாலும், சீனமோ ஆங்கிலமோ கெட்ட வார்த்தையோ, அதற்கு நேர் எதிரான அலையை வெளியிடும். அலையும் எதிரலையும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துச் செத்துப்போகும். உதடு மட்டும் அசையும். எழுதிக் காட்டலாம் என்று பார்த்தால் அதுவும் முடியாது. பேனா, கைபேசி எல்லாவற்றையும் வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள்.

இதைக் கண்டுபிடித்தவர் எழினி. சித்திரவதை அவருடைய நோக்கமல்ல. ஆங்கிலத்தில் கெட் என்பது வேலையில்லாத மாமன் மாதிரி. எல்லா வீட்டிலும் இருப்பான், எல்லாக் காரியத்திலும் தலையிடுவான், என்ன உத்தியோகம் என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. கடிதம் வந்தாலும் கெட், காய்ச்சல் வந்தாலும் கெட். பேருந்தில் ஏறவும் கெட், அதிலிருந்து இறங்கவும் கெட். கல்யாணம் நடந்தால் கெட், கடி ஜோக் புரிந்தாலும் கெட். சீன மொழியில் இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல் உண்டு. அதனால் சீன மாணவர்கள் கெட்டின் பொருள்களை அட்டவணை போட்டு மனப்பாடம் செய்வார்கள். ஃபாங் லினும் செய்திருந்தார். ஒரு பன்னாட்டுக் கூட்டத்தில் அவருடைய பாலத்தைப் பற்றி ஒருவர் கெட் வைத்து ஒரு கேள்வி கேட்டார். மனத்துக்குள் அட்டவணையைப் புரட்டி இவர் சரியான பொருளைப் பிடிப்பதற்குள் கூட்டம் காபி குடிக்கப் போய்விட்டது. பக்கத்து நாற்காலிக்காரர் அந்தப் பாலம் தன்னுடையது போலவே பதில் சொல்லி முடித்திருந்தார்.

"நூறு இடத்துல ஒரு அடி தோண்டினா தண்ணி வராது. ஒரே இடத்துல நூறு அடி தோண்டணும்," என்பது எழினியின் தத்துவம். வேறு சொல்லே இல்லை என்று ஆக்கிவிட்டால், இருக்கிற ஒரு சொல்லின் அடிமட்டம் வரை மனிதன் போயே தீருவான். இந்தத் தத்துவத்துக்காக அவர் ஆறு வருட உழைப்பையும் ஒரு நிச்சயதார்த்தத்தையும் கொடுத்திருந்தார். மனிதர் வாயை அடைக்கும் கருவிக்கு அனுமதி தரக் கல்விக்குழு தயங்கியது. ஒரே ஒரு அணியை வைத்து நடத்திப் பாருங்கள், மாதக் கடைசியில் தேர்வாளர் வருவார், அவர் தேறியதாகச் சொன்னால் சல்லடை பிழைக்கும், இல்லையேல் அத்தனையும் நொறுக்கப்படும் என்றது.

முதல் வாரம் சோகமாகப் போனது. பன்னிரண்டு பேரும் இளைத்தார்கள். பெரியண்ணனும் இளைத்தார், கவலையில்.

இரண்டாம் வாரம், எந்தச் சீனரும் சொல்லிக்கொடுக்காமல் எல்லாச் சீனரும் ஒரே காரியத்தைச் செய்யத் தொடங்கினார்கள். சீன மொழியில் 'மா' என்பதை மட்டமாக இழுத்தால் அம்மா. பள்ளத்தில் இறக்கி ஏற்றினால் குதிரை. அம்மாவைக் குதிரை என்று அழைத்துவிடக் கூடாதே என்ற பயத்திலேயே பிறந்ததிலிருந்து காது தீட்டப்பட்டவர்கள் அவர்கள். கெட்டையும் அப்படி மட்டமாக இழுத்தார்கள், ஏற்றினார்கள், இறக்கினார்கள், நடுவில் ஒரு மூச்சை நிறுத்தினார்கள். 'எனக்கு வேண்டும்' ஒரு ராகம், 'உனக்கு வேண்டுமா' ஒரு ராகம். மூன்றாம் வாரம் அகராதியைத் தாண்டிவிட்டார்கள். ஓர் இரவுச் சாப்பாட்டின்போது ஃபாங் லின் ஏழெட்டு கெட்டில் ஒரு கதை சொன்னார். பதினோரு பேரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்னக்கா சொன்னாங்க?" என்றான் குமணன்.

"மருமகன், மாமியார், ஒரு வாத்து. அதுவரைக்கும் புரிஞ்சுது."

"வாத்துமா? எனக்கு மருமகனோட நின்னுருச்சு."

எழினிக்குப் பெருமை தாங்கவில்லை. தேர்வுக்கு முந்தைய மாலை, காப்பிச் செடிகளுக்கு நடுவே ஃபாங் லினோடு நடந்துகொண்டிருந்தார். பின்னாலிருந்து ஃபாங் லின் "கெட்" என்றார். தாழ்ந்த குரல், நீண்ட இழுப்பு, கடைசியில் சின்ன நடுக்கம். எழினி யோசிக்கவில்லை. ஓடவுமில்லை. திரும்பிப் பார்க்காமல் ஒவ்வோர் அடியாகப் பின்னால் வைத்தார். பாதை வளைவுக்கு வந்த பிறகுதான் பார்த்தார். அவர் நின்ற இடத்துக்குப் பக்கத்துச் செடிகளுக்குள்ளிருந்து ஒரு காட்டெருமை வெளியே வந்து, ஊருக்கே சொந்தக்காரன் மாதிரி மூச்சு விட்டது.

'ஆபத்து, ஓடாதே, மெதுவாகப் பின்வாங்கு, நான் இருக்கிறேன்.' அத்தனையும் ஒரே சொல்லில். ஆங்கிலத்தில் இதைச் சொல்லி முடிப்பதற்குள் காட்டெருமை முடித்திருக்கும். எழினி ஃபாங் லினின் கையைப் பிடித்துக்கொண்டு "கெட்" என்றார். அது நன்றி. ராகம் கொஞ்சம் பிசகியது. ஃபாங் லின் பெரிய மனது பண்ணி ஏற்றுக்கொண்டார்.

மறுநாள் தேர்வாளர் வந்தார். பேராசிரியர் அருமைநாயகம், நாற்பது வருடம் ஆங்கிலம் கற்பித்தவர். சேலத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளெல்லாம் ஏறி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. உட்காரும் முன்பே கருத்தைச் சொன்னார்.

"கெட்டுங்கறதே ஒரு சோம்பேறிச் சொல்லும்மா. என் வகுப்புல எவனாவது அதை எழுதினா ரெண்டு மார்க் குறைப்பேன். சரி, பட்டையைக் கழட்டுங்க. வாக்கியத்துல வச்சுச் சொல்லட்டும்."

பட்டைகள் கழன்றன. இனி எந்தச் சொல்லையும் சொல்லலாம். ஃபாங் லின் பேராசிரியரை ஒரு கணம் பார்த்தார். "கெட்" என்றார், கனிவாக.

"வாக்கியம்."

"கெட்."

"வாக்கியம் கேட்டேன்!"

எழினி குறுக்கிட்டார். "ஐயா, அது வாக்கியம்தான். நீங்க காலையில எதுவும் சாப்பிடல, சர்க்கரை இறங்குது, கை நடுங்குது, முதல்ல சாப்பிட்டுட்டு வந்து எங்களை ஃபெயில் பண்ணுங்கன்னு சொல்றாங்க."

பேராசிரியர் தன் கையைப் பார்த்தார். நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. மற்ற பதினோரு பேரும் கெட் தவிர வேறு சொல்லைத் தொடவில்லை. மாளிகையில் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தவர்கள் குடிசைக்குள் குனிந்து நுழைய மறுப்பது போல மறுத்தார்கள்.

"கற்பனை வளமா இருக்கு. ஆனா இது இங்கிலீஷ் இல்லம்மா," என்று பேராசிரியர் எழுந்தார்.

ஆறு வருடம் அந்த ஒரு வரியில் முடிந்தது. குமணன் தரையைப் பார்த்தான். கடைசியாக ஒரு விதி மட்டும் பாக்கி இருந்தது. கருவியைச் சோதிக்கிறவர் ஒரு வேளைச் சாப்பாட்டு நேரமாவது அதை அணிந்திருக்க வேண்டும். பேராசிரியர் விதிகளை மதிப்பவர். பட்டையை மாட்டிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார்.

அவருக்கு வேண்டியது சர்க்கரை போடாத காபி. உதடு வெகுநேரம் அசைந்தது. ஒன்றும் வரவில்லை. நாற்பது வருடத்தில் அவர் பேசி ஓசை வராதது இதுவே முதல் முறை.

"கெட்," என்றார் கடைசியில், மட்டமாக.

பெரியண்ணன் சாம்பார் ஊற்றினார்.

"கெட்!"

வடை வந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த ஃபாங் லின் விரலைத் தூக்கினார். காற்றில் ஒரு சின்ன மேடு வரைந்து, உச்சியில் நிறுத்தி, சட்டென்று வெட்டினார். பேராசிரியர் அந்த விரலையே பார்த்தபடி, முதல் வகுப்புப் பையன் மாதிரி எச்சில் விழுங்கி, மேட்டில் ஏறி, நின்று, வெட்டினார்.

"அப்படிச் சொல்லுங்க சார்!" என்று பெரியண்ணன் உள்ளே ஓடினார். சர்க்கரை போடாத காபி வந்தது. ஆவி பறக்க.

பேராசிரியர் அன்று மாலை வரை பட்டையைக் கழற்றவில்லை. வாத்துக் கதைக்குக் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்.

அவருடைய அறிக்கை சுருக்கமாக இருந்தது. மாணவர்கள் பன்னிரண்டு பேரும் ஆங்கிலத்தில் தோல்வி. அதே சமயம், கெட் என்ற சொல்லை இவர்கள் அளவுக்கு அறிந்தவர்கள் ஆங்கிலேயர்களிலேயே இல்லை. எனவே ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களை இங்கே அனுப்பிக் கற்கச் செய்யப் பரிந்துரைக்கிறேன். கல்விக்குழு நீண்ட நேரம் விவாதித்து, குழுக்களின் வழக்கப்படி இரண்டையும் ஏற்றுக்கொண்டது. சல்லடை பிழைத்தது. ஆங்கிலத்தில் தோற்ற ஃபாங் லின், ஆங்கிலேயர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் தலைமை ஆசிரியர் ஆனார். இப்போது அவர் வாய் திறக்கும்வரை கூட்டம் காபிக்குப் போவதில்லை.

அடுத்த மாதம் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்திலிருந்து முதல் அணி வந்தது. அதில் கிரஹாம் என்பவர் முப்பது வருடம் வானொலியில் செய்தி வாசித்தவர். அவ்வளவு திருத்தமான உச்சரிப்போடு அவர் பட்டினி கிடந்ததைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

நாலாம் நாள் காலை, முற்றத்தில் எல்லோரும் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். ஃபாங் லின் வேலிப் பக்கம் பார்த்தார். "கெட்" என்றார். தாழ்ந்த குரல், நீண்ட இழுப்பு, கடைசியில் சின்ன நடுக்கம்.

எழினி பின்வாங்கினார். குமணன் பின்வாங்கினான். பெரியண்ணன் கரண்டியோடு பின்வாங்கினார். பெருக்கிக்கொண்டிருந்த பெண், பால்காரர், பாலுக்காக வந்த பூனை, எல்லோரும் ஓசைப்படாமல் பின்வாங்கினார்கள். முற்றத்தின் நடுவே கிரஹாம் மட்டும் நின்றார். அவருக்குப் பின்னால் வேலியைச் சாய்த்துக்கொண்டு காட்டெருமை நுழைந்தது.

தாய்மொழி காதில் விழுந்த மகிழ்ச்சியில் கிரஹாம் முகம் மலர்ந்து, "கெட்?" என்றார். எதை என்று கேட்டாராம்.

பெரியண்ணன் இரண்டே எட்டில் போய் அவர் கழுத்துப் பட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். "இங்கிலீஷ் தெரியாதவனையெல்லாம் எதுக்குங்க இவ்வளவு தூரம் அனுப்புறாங்க?"

ஃபாங் லின் பெருமூச்சு விட்டு, "கெட்" என்றார்.

கிரஹாம் எழினியைப் பார்த்தார். எழினி மொழிபெயர்க்கவில்லை. முதல் பாடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பதை விருந்தாளியிடம் எப்படிச் சொல்வது?