ஒருபக்கம் சாய்ந்த நாணல்

"சும்மா பாத்துட்டுத்தானே போறோம். அதுல அந்தப் பறவைக்கு என்னம்மா கொறஞ்சிடும்?"

ஆற்றங்கரைப் பறவைகளைக் காக்கும் ரேஞ்சர் வேலையில் ரோவினா சேர்ந்த முதல் குளிர்காலத்தில் க்ளைவ் ஹாட்டன் அவளிடம் கேட்டது இது. ஓய்வுபெற்ற பல் டாக்டர். ஆற்றங்கரையில் புதிதாக எழும்பிய குடியிருப்பின் சங்கத் தலைவர். பிஸ்கட் என்ற நாயோடு நாள் தவறாமல் நடக்க வருபவர். அவளுக்கு யாரிடமும் சட்டென்று பேச வராது. தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். பவளக்காலி என்ற இந்தப் பறவைகள் வடக்கிலிருந்து வந்து இந்தச் சேற்றில்தான் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. ஆற்று நீர் வடிந்து சேறு வெளியே தெரியும் கொஞ்ச நேரத்தில் வயிறு நிறையத் தின்றால்தான் இரவின் குளிரைத் தாங்க முடியும். மிரண்டு எழும்பும் ஒவ்வொரு தடவையும் சேர்த்து வைத்த கொழுப்பில் கொஞ்சம் கரைந்துபோகும். யாரும் தொட வேண்டியதில்லை, கல்லெறிய வேண்டியதில்லை. பார்க்க வருகிறவர்கள் ஓயாமல் வந்துகொண்டே இருந்தால் போதும். ஹாட்டன் சிரித்தார். அப்படியானால் மூச்சை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வரட்டுமா என்று கேட்டார். ஆனாலும் அன்றே நாயின் கழுத்தில் வாரை மாட்டினார்.

குடியிருப்பில் தெருக்களுக்கெல்லாம் பறவைகளின் பெயர். பறவைகளுக்குத் தொந்தரவு வராமல் பார்த்துக்கொள்ள, கட்டியவர்கள் கொடுக்கும் பணத்தில்தான் ரோவினாவுக்குச் சம்பளம். கடைசி வரிசையில், ஆற்றைப் பார்த்த ஒரு சின்ன மாடி வீட்டில் அவளும் அவள் மகள் ஐவியும் இருந்தார்கள். ஐவி அந்த ஆண்டுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள்.

அந்த வரிசையின் பின்னாலிருந்து நாணலுக்குள் புகுந்து சேற்றுத் திட்டு வரைக்கும் ஜனங்கள் நடந்து நடந்து ஒரு குறுக்குவழி விழுந்திருந்தது. வேலையில் சேர்ந்த மறு ஆண்டு, டிசம்பர் தொடக்கத்தில் ரோவினா அதை அடைத்தாள். அடைத்துவிட்டால் எல்லோரும் மேட்டுப் பாதை வழியாகப் பார்வைக் குடிலுக்குப் போவார்கள். அங்கே பலகைச் சுவரின் இடுக்கில் கண்ணை வைத்துப் பறவைகளுக்குத் தெரியாமல் பார்க்கலாம். காட்டு முள்ளை வெட்டி வந்து, முள் நுனிகள் வீடுகளைப் பார்க்கவும் வெட்டுமுனைகள் ஆற்றைப் பார்க்கவும் அடுக்கி, மிதித்து இறுக்கினாள். அப்படித்தான் அடைப்பார்கள். வருகிறவர்கள் வீட்டுப் பக்கமிருந்துதானே வருவார்கள்.

மறுநாள் காலை அடைப்பு திறந்து கிடந்தது.

யாரும் பிடுங்கி எறியவில்லை. முள் அத்தனையும் அதே இடத்தில்தான் இருந்தது. நடுவில் மட்டும், நிறையக் கால்கள் நிதானமாக ஏறி இறங்கியதுபோல, தரையோடு தரையாக அமுங்கியிருந்தது. ஈரமண்ணும் அழுகிய வேரும் கலந்த வடிநீர் வாடை, ஆற்றோரம் இருக்க வேண்டியது, அந்த இடத்தில் கனமாக நின்றது. அவள் புது முள் வெட்டி அடைத்தாள். அதுவும் அமுங்கியது. மறுபடியும் அடைத்தாள். மூன்றாம் முறை அடைப்பின் ஓரமாகக் குனிந்து பார்த்தபோதுதான் நாணலைக் கவனித்தாள். நடக்கும் கால் தான் போகிற திசையில்தான் தண்டைச் சாய்க்கும். வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்ட விஷயம் அது. இங்கே மிதிபட்ட தண்டுகள் அத்தனையும் வீடுகளைப் பார்த்துச் சாய்ந்திருந்தன.

அவள் நிமிர்ந்து ஆற்றைப் பார்த்தாள். மூடுபனிக்குள் தண்ணீர் எங்கே முடிகிறது, சேறு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. பவளக்காலிகள் அமைதியாகத் தின்றுகொண்டிருந்தன. இந்த ஆண்டு அவற்றை யாரும் தொந்தரவு செய்யவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அன்று ஹாட்டன் வழியில் எதிர்ப்பட்டார். முகம் ஒடுங்கிப் போயிருந்தது. கோட்டு தோளில் தொங்கியது. பிஸ்கட் அடைப்பைக் கண்டதும் வாரை இழுத்துக்கொண்டு பின்வாங்கியது. முன்பெல்லாம் அதுதான் முதலில் பாயும்.

"பகல்ல மூடுறதும் நீ, ராத்திரி தொறக்கறதும் நீதானா? ரெட்டச் சம்பளம் கேக்கப் போறியா?" என்றார்.

தான் இல்லை என்றாள். அவராக இருக்கும் என்று நினைத்ததையும் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை.

"எங்க வரிசையில யாரும் தூங்கறதில்லம்மா. கேட்டா, ஒருத்தரும் வாய தொறக்க மாட்டேங்கறாங்க."

"நீங்க சொல்லுங்க, மிஸ்டர் ஹாட்டன்."

அவர் நாயின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். "முழிப்பு வருது. கதவு பக்கத்துல யாரோ நின்னு பாக்கற மாதிரி. ஒண்ணும் பண்ணல. சும்மா பாக்கறாங்க. திரும்பிப் படுத்தா, இன்னும் ஒருத்தர் வந்து நின்ன மாதிரி." "விடு. நான் கெழவனாயிட்டேன்" என்றார்.

ரோவினா வீட்டுக்குப் போனாள். நான்கு மணிக்கே இருட்டிவிட்டது. ஐவிக்கு வாட்டிய ரொட்டியில் டப்பா பீன்ஸைச் சுடவைத்து ஊற்றிக் கொடுத்தாள். பிள்ளை வகுப்பில் தூங்கி விழுகிறாள் என்று டீச்சர் இரண்டு தடவை சொல்லியனுப்பியிருந்தார். பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்த வேண்டியிருந்தது. வளர்கிற பிள்ளை என்று ரோவினா தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். ஐவி இரண்டு வாய் தின்றாள். மூன்றாவது வாயைக் கொண்டுபோகும்போது கை நின்றது. கழுத்து நீண்டது. தலை நிமிர்ந்து, மெல்லுவதை நிறுத்தி, அசையாமல் இருந்தாள்.

ரோவினாவுக்குத் தெரிந்த நிலை அது. ஆற்றங்கரையில் தினமும் பார்ப்பது. முதலில் தலை நிமிரும். அப்புறம் குரல் வரும். அதற்கப்புறம் கூட்டமாக எழும்பும். தலை நிமிர்ந்ததுமே நாம் பின்வாங்கிவிட வேண்டும்; வருகிறவர்களிடம் அவள் திரும்பத் திரும்பச் சொல்வது அதைத்தான்.

ஜன்னல் வழியே வரிசையின் மற்ற சமையலறைகள் தெரிந்தன. மஞ்சள் விளக்குகள், ஆவி படர்ந்த கண்ணாடிகள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள், பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்தவன், ஓரத்து வீட்டில் ஹாட்டன். எல்லோருடைய தலையும் நிமிர்ந்திருந்தது. ஒரே நேரத்தில். ஒரே பக்கம் பார்த்து.

அடுத்த நாள் மதியம் அவள் அடைப்பைப் பிரித்து, முள் நுனிகள் ஆற்றைப் பார்க்கும்படி திருப்பி அடுக்கினாள். கேட்காமலேயே ஹாட்டனும் கையுறை போட்டுக்கொண்டு வந்து உதவினார். யாரை வெளியே நிறுத்தப் போகிறோம் என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அவள் அடுத்த முள் கிளையை எடுத்து நீட்டினாள். கூடப் பிறந்தவர்கள்போல ஆளுக்கொரு பக்கம் பிடித்து, இடுப்பு உயரத்துக்கு, ஒரு முயல்கூடப் புக முடியாதபடி இறுக்கினார்கள்.

காலையில் அடைப்பு அப்படியே இருந்தது. ஒவ்வொரு முள்ளிலும் உறைபனி கலையாமல் வெள்ளையாக ஒட்டியிருந்தது. அதற்கு அடுத்த காலையும் அப்படித்தான். புதிதாக ஒரு தண்டுகூட மிதிபடவில்லை. ரோவினா அங்கேயே முட்டி போட்டு உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். ஹாட்டன் வாசலில் நின்றபடி, ராத்திரி அசையக்கூட இல்லை, கட்டை மாதிரி கிடந்தேன் என்றார். முகம் சாம்பல் நிறமாக இருந்தது. தூங்கிய முகம் அப்படி இருக்குமா என்று தோன்றியது. அவள் அந்த நினைப்பை ஒதுக்கினாள். ஐவியும் முழித்து அழவில்லை. சாப்பிடும்போது தலையைத் தூக்கவில்லை. பிள்ளை தேறிவிடுவாள்.

அன்று மாலை ஐவி தானாகவே மாடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். ரோவினா கீழே துணி மடித்தாள். வெளியே பனி கண்ணாடியோடு ஒட்டி நின்றது. ஓரத்து வீட்டில் பிஸ்கட் குரைக்கத் தொடங்கி, நடுவிலேயே நிறுத்தியது. குளிர்பெட்டியின் முனகல். சூட்டுக் குழாயில் எங்கோ தண்ணீர் கிளுகிளுவென்று நகரும் சத்தம். மடித்த துணியின் சோப்பு வாசனைக்கு அடியிலிருந்து, மெல்ல மெல்ல, இன்னொரு வாசனை எழுந்தது. வடிநீர். ஈரமண். வேர்.

அவள் மடித்த துணிகளைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனாள்.

படியில் வெளிர்நிறக் கம்பளம், வீட்டோடு வந்தது. காலையில்தான் தூசி உறிஞ்சும் மெஷினைப் போட்டு, அதன் இழைகளை நிமிர்த்தி விட்டிருந்தாள். இப்போது நடுவில் ஒரு தடம் விழுந்திருந்தது. ஈரமாக. இழைகள் படிந்திருந்தன. ஒவ்வொரு படியிலும். எல்லாம் மேலே பார்த்து.

கீழே பார்த்து ஒன்றுகூட இல்லை.

துணி கையிலிருந்து நழுவியது. நாணல் கண்முன் வந்தது. வீடுகளைப் பார்த்துச் சாய்ந்த தண்டுகள். இத்தனை நாளும் அதை மட்டும்தான் பார்த்திருக்கிறாள். ஆற்றைப் பார்த்துச் சாய்ந்தது ஒன்றுகூட இல்லை என்பதைப் பார்க்கவில்லை. வந்தவர்கள் வந்திருக்கிறார்கள். போகவே இல்லை. போகிற வழியை அவளே அடைத்துவிட்டாள்.

"ஐவி."

 ஏறினாள். சுவரோடு ஒட்டித்தான் ஏற முடிந்தது. படியில் இடம் இல்லை. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் இடம் இல்லை. தோளில் ஈரம் உரசியது. விலகி வழிவிட்டது. மறுபடி உரசியது. யாரும் தள்ளவில்லை. சத்தமில்லை. நல்ல பார்வையாளர்கள் அப்படித்தான் நிற்பார்கள்.

அறைக்கதவு திறந்திருந்தது. இரவு விளக்கின் ஆரஞ்சு வெளிச்சத்தில் கட்டிலருகே அது தெரிந்தது. உயரம். நாணல் போல் ஒல்லி. நனைந்த ஏதோ ஒன்று விளிம்பிலிருந்து சொட்டியது. முதுகை வளைத்துக் குனிந்திருந்தது. மிகவும் கிட்டே. ஐவியின் கன்னத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு கை நுழையாது.

ஐவியின் கண்கள் திறந்திருந்தன.

போர்வை ஏறி இறங்கியது. மெதுவாக. ஐவி அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தலையைத் தூக்கவில்லை. அழவில்லை. ஆள் கிட்டே போயும் எழும்பாத பறவை பழகிவிட்டது என்று எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். பழகியதல்ல. எழும்ப மிச்சம் எதுவும் இல்லை.

ரோவினாவுக்குக் கத்த வேண்டும். வாய் திறந்தது. குரல் வரவில்லை. எத்தனை நாளாகத் தானும் சரியாகச் சாப்பிடவில்லை என்று நினைத்தாள். கால்கள் நகரவில்லை. கதவுநிலையில் சாய்ந்தாள்.

அவளுக்குப் பின்னால், படி முழுக்க, கூட்டம் ஒரு அடி முன்னால் நகர்ந்தது. பொறுமையாக.

கட்டிலருகே நின்றது நிமிர்ந்தது. பார்த்து முடித்துவிட்டது. அடுத்தது வந்து குனிவதற்கு இடம் விட்டு, ரோவினாவின் கைமீது படாமல் கவனமாக ஒதுங்கி, அறைக்கு வெளியே மற்றவற்றோடு போய் நின்றது.